சென்ஷுவஸ்: மில்டன் காலமும் நம் காலமும்

1611இல் இங்கிலாந்தில் அச்சான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், பரத்திலிருந்து வராத போலி ஞானத்தைச் சாடும் வசனம் ஒன்று உண்டு. சாடுவதற்கு மூன்று பெயரடைகள் வரிசையாக வருகின்றன. முதலாவது அந்த ஞானம் மண்ணுலகைச் சேர்ந்தது என்கிறது. மூன்றாவது அது பேய்த்தனமானது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ‘சென்ஷுவல்’ என்ற சொல் நிற்கிறது. 1946இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாட்டில் அதே வசனத்தைத் தேடிப் படித்தால், மண்ணும் இருக்கிறது, பேயும் இருக்கிறது. நடுவிலிருந்த சொல்லைக் காணோம். ஆவிக்குரியதல்லாதது என்று பொருள்படும் வேறொரு சொல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. 1978இல் முழுமையாக வெளிவந்த நியூ இன்டர்நேஷனல் பதிப்பிலும் இதே மாற்றம்தான்.

கிரேக்க மூலம் அப்படியே இருக்கிறது. மாறியது ஆங்கிலம் படிப்பவரின் காது. 1611இல் அந்தச் சொல்லைக் கேட்டவருக்குப் பாவம் நினைவுக்கு வந்தது. இன்று கேட்பவருக்கு வாசனைத் திரவியப் புட்டி நினைவுக்கு வருகிறது. பேய்க்குப் பக்கத்தில் நிறுத்தும் அளவுக்கு அதில் இப்போது கடுமை இல்லை.

இந்தச் சொல்லுக்கு ஓர் இளைய உடன்பிறப்பு உண்டு: ‘சென்ஷுவஸ்’. தமிழில் எழுதும்போது கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. மூத்தது லத்தீனிலிருந்து தானாக வந்து சேர்ந்தது. இளையது, இதுவரை கிடைத்த சான்றுகளின்படி, ஒரு மனிதர் தேவை கருதிச் செய்துகொண்டது. மூத்தது கெட்டுப்போனதால்தான் இளையதைச் செய்யவேண்டி வந்தது. அந்த இளையது என்ன ஆனது என்பதைப் பார்க்க வேண்டுமானால் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

15ஆம் நூற்றாண்டில் சென்ஷுவல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்குப் பெரிய குற்றம் எதுவும் இருக்கவில்லை. கண், காது, மூக்கு, நாக்கு, மெய் ஆகியவற்றைச் சேர்ந்தது என்பதே அதன் பொருள். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பியச் சிந்தனையில் அறிவு மேலே இருந்தது, புலன் கீழே இருந்தது. கீழே இருப்பதைக் குறிக்கும் சொல்லுக்கு இழிவு ஒட்டிக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது உடலிச்சையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த நூறு ஆண்டுகளில் மேடைப் பிரசங்கத்துக்கு வாகான வசைச்சொல்லாகவும் ஆனது.

1641இல் ஜான் மில்டனுக்கு வயது 32. ‘இழந்த சொர்க்கம்’ வெளிவர இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. பார்வை முழுவதும் போக 11 ஆண்டுகள் இருந்தன. கவிதையை ஒதுக்கிவைத்துவிட்டு, இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர்களுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரங்கள் எழுத இறங்கியிருந்தார். அவற்றில் முதலாவது, திருச்சபைச் சீர்திருத்தம் பற்றியது. சடங்கும் ஆடம்பரமும் மிகுந்த வழிபாட்டில் ஆன்மா தன் வேலையை உடலின் தலையில் கட்டிவிட்டுச் சோம்பிப்போகிறது என்று அதில் ஓரிடத்தில் வாதிடுகிறார். அங்கே ஆன்மாவின் கூட்டாளியாகிய உடலுக்கு இரண்டு அடைமொழிகள் தருகிறார். ஒன்று, கண்ணுக்குத் தெரிவது. மற்றொன்று, சென்ஷுவஸ். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்தச் சொல்லுக்குக் காட்டும் மிகப் பழைய சான்று இதுவே.

சென்ஷுவல் என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை. உடல் பாவத்தின் இருப்பிடம் என்று அந்த அடைமொழியில் சொல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை. உடல் புலன்களைக் கொண்டு இயங்குவது, அவ்வளவே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே வாக்கியத்தில், சில சொற்களுக்கு முன்னால்தான், மாமிச இன்பங்களைப் பற்றிய கண்டனமும் வருகிறது. ‘தூய்மையான சொல் வேண்டும் என்று மில்டன் படைத்தார்’ என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. தவறில்லை. ஆனால் அந்தத் தூய சொல் பிறந்த தெரு அவ்வளவு தூய்மையானதல்ல.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1644இல், கல்வி பற்றிய ஒரு சிறு பிரசுரத்தில் அதே சொல்லை மில்டன் மறுபடி எடுத்தார். சாமுவேல் ஹார்ட்லிப் என்ற நண்பருக்கு எழுதிய கடிதம் போன்றது அது. 12 வயது முதல் 21 வயது வரை ஒரே பெரிய வீட்டில் தங்கிப் படிக்கும் 130 மாணவர்களுக்கு என்னென்ன கற்பிக்கலாம் என்று திட்டம் போடுகிறார். லத்தீன், கிரேக்கம், எபிரேயம், வேளாண்மை, கணிதம், வாள்வீச்சு, மல்யுத்தம் என்று படிப்பவருக்கே மூச்சு வாங்கும் பட்டியல். கடைசியில் தர்க்கமும் சொற்கலையும் வருகின்றன. அவற்றை அடுத்து, அல்லது அவற்றுக்கும் முன்னால், கவிதையை வைக்கலாம் என்கிறார். ஏன்? தர்க்கத்தைப் போல் கவிதை நுண்மையானதல்ல. அதைவிட எளிமையானது, புலன்வழிப்பட்டது, உணர்ச்சி மிக்கது. இந்த நடுச்சொல்தான் சென்ஷுவஸ்.

பாடத்திட்டத்தில் எது முன், எது பின் என்பதை விளக்கப் போகிறபோக்கில் சொன்ன ஒப்பீடு இது. கவிதை என்றால் என்ன என்று இலக்கணம் வகுக்கும் நோக்கம் அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தது எவ்வளவு விநோதமானது என்பது புரியும்.

அதன் பிறகு ஏறத்தாழ 170 ஆண்டுகள் சொல் உறங்கியது. எடுத்துப் பயன்படுத்தியவர் என்று சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் அது இடம்பெற்றது உண்மை. ஆனால் சான்றாக ஜான்சனுக்குக் கிடைத்தது மில்டனின் அந்த ஒரு வாக்கியம்தான். பக்கத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல் நிற்பதைப் பார்த்து, இதற்கும் மென்மையானது, நெஞ்சை உருக்குவது என்று பொருள் எழுதிவிட்டார். புலனைப் பற்றிய பேச்சே அந்தப் பதிவில் இல்லை. 1828இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் அதே பொருளை எடுத்துக்கொண்டு, இது வழக்கில் இல்லை என்று கூடவே ஒரு குறிப்பையும் சேர்த்தார். அவர் அப்படி எழுதியபோது சொல் இங்கிலாந்தில் விழித்தெழுந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அட்லாண்டிக்கைக் கடக்கச் செய்திக்கு அந்நாளில் அவ்வளவு நேரம் பிடித்தது போலும்.

அகராதி செய்யும் முறையும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். ஜான்சன் ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, தாம் படித்த நூல்களில் தாமே கோடிட்டு, 42,773 சொற்களைத் தொகுத்தார். ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு சான்று கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு ஊகிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. 1857இல் எண்ணமாகத் தொடங்கி 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு உலகெங்கும் இருந்த தன்னார்வ வாசகர்கள் சிறு சீட்டுகளில் மேற்கோள்களை எழுதி அனுப்பினார்கள். முதல் பதிப்பில் 4,14,825 சொற்கள். அவற்றுக்கு 18 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். இத்தனை சீட்டுகளுக்கு நடுவிலும் மில்டனுக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இந்தச் சொல்லுக்கென்று ஒரு சீட்டு வந்து சேரவில்லை. இன்று 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்கள் பெரும்பாலும் கணினியில் தேடக் கிடைக்கின்றன. ஒருவர் ஆயுளைச் செலவிட்டுத் தேடியதை ஒரு மாணவர் தேநீர் ஆறுவதற்குள் தேடிவிடுகிறார். ‘இவரே முதலில் சொன்னார்’ என்ற பெருமைகள் பல அப்படித்தான் சரிந்திருக்கின்றன. மில்டன் பெயரில் சுமார் 630 சொற்களை வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்கவேண்டும். முதல் சான்று என்பதும் முதல் பிறப்பு என்பதும் ஒன்றல்ல. ஒன்று மட்டும் ஐயமின்றி அவருடையது: நரகத்தின் தலைநகருக்கு அவர் இட்ட பேண்டமோனியம் என்ற பெயர். இன்று அது சட்டசபைக் கூச்சலுக்கும் ரயில்நிலைய நெரிசலுக்கும் செய்தியாளர்கள் எழுதும் சொல்லாகியிருக்கிறது.

உறங்கிய சொல்லை எழுப்பியவர் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ். 1814இல் பிரிஸ்டல் நகரில் தம் நண்பரான அமெரிக்க ஓவியர் வாஷிங்டன் ஆல்ஸ்டனின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அதையொட்டி உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் கலைவிமர்சனத்தின் அடிப்படைகள் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். புலன்களுக்குரியதை ஒரே சொல்லில் சொல்வதற்காக சென்ஷுவஸைத் திரும்பக் கொண்டுவந்திருப்பதாக அங்கே அறிவித்தார். நம் பழைய எழுத்தாளர் பலரும், அவர்களுள் மில்டனும் கையாண்ட சொல் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பலர் யார் என்பது அகராதிக்காரர்களுக்கு அகப்படவே இல்லை. கோல்ரிட்ஜுக்குத் தம் கையில் இருப்பதைச் சற்றுப் பெருக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு. கூடவே மில்டனின் பாடத்திட்ட வாக்கியத்திலிருந்து ஒப்பீட்டை உதிர்த்துவிட்டு, மூன்று அடைமொழிகளை மட்டும் எடுத்து, கவிதைக்கு மில்டன் வகுத்த அழகிய இலக்கணம் இது என்று பாராட்டினார். அன்றிலிருந்து அது இலக்கணமாகிவிட்டது. இன்றும் கவிதை பற்றிய வினாத்தாள்களில் அப்படித்தான் வருகிறது.

கோல்ரிட்ஜுக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது? 1798இல் ஜெர்மனிக்குப் போனவர் அவர். கான்ட்டின் தத்துவத்தில் தோய்ந்தவர். புலன்கள் வாங்கித் தருவது எது, அறிவு அதை வைத்துச் செய்வது எது என்று கான்ட் பிரித்துக் காட்டுகிறார். அந்தப் பிரிவின் முதல் பாதியைச் சொல்ல ஜெர்மனில் சொல் உண்டு. ஆங்கிலத்தில் நாணமின்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. 1817இல் வெளிவந்த தம் இலக்கிய வாழ்க்கை நூலில் இதை அவர் விளக்குகிறார். சென்ஷுவல் இப்போது கெட்ட பொருளில்தான் வழங்குகிறது, சென்சிட்டிவ், சென்சிபிள் இரண்டும் வேறு பொருள் தரும், ஆகவே இது.

அவர் ஒதுக்கிய அந்த இரண்டின் நிலையையும் ஒரு நொடி பார்த்துவிடலாம். புலன்களால் அறியத்தக்கது என்பது ஜான்சன் காலத்தில் சென்சிபிளின் முதன்மைப் பொருள்களில் ஒன்று. விவேகமுள்ள, புத்திசாலியான என்ற பொருள் தாழ்ந்த பேச்சில் மட்டும் வழங்குவதாக ஜான்சன் எழுதிவைத்தார். இன்று அந்தத் தாழ்ந்த பேச்சுப் பொருள்தான் பெரியவீட்டில் குடியிருக்கிறது. பழைய பொருள் இயற்பியலில் வெப்பத்தைப் பிரித்துச் சொல்லும் இடத்தோடு நின்றுவிட்டது. சென்சிட்டிவ் தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டது. ‘அவர் கொஞ்சம் சென்சிட்டிவ், பாத்துப் பேசுங்க’ என்றால் அவருடைய கண்ணையும் காதையும் யாரும் நினைப்பதில்லை. புலனைச் சுட்டப் பிறந்த ஆங்கிலப் பெயரடைகள் எல்லாமே புலனை விட்டு எங்கோ கிளம்பிப் போய்விடுகின்றன.

சென்ஷுவஸ் மட்டும் கொஞ்சகாலம் வீட்டோடு இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அதன் நல்ல காலம். ஓவியத்தின் நிறத்தையும் இசையின் ஒலியையும் கவிதையின் சுவையையும் முகம் சுளிக்காமல் புகழ விமர்சகர்களுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. தத்துவத்தில் ஹெகலையும் மார்க்ஸையும் ஆங்கிலப்படுத்தியவர்களுக்கும் அது பயன்பட்டது. 1845இல் மார்க்ஸ் எழுதி, 1888இல் ஏங்கல்ஸ் வெளியிட்ட ஃபாயர்பாக் பற்றிய குறிப்புகளின் ஆங்கில வடிவத்தில் மனித உழைப்புக்கே இந்த அடைமொழி வருகிறது. தொட்டும் பார்த்தும் கையால் செய்யப்படும் உண்மையான செயல் என்ற பொருளில். அந்த வரியைப் படிக்கும் இன்றைய கல்லூரி மாணவர் ஒரு கணம் திகைப்பார்.

அந்தக் காலத்தின் முதன்மையான ஆவணம் 1880இல் மேத்யூ அர்னால்ட் எழுதிய கீட்ஸ் பற்றிய கட்டுரை. கீட்ஸ் 1821இல் 25 வயதில் இறந்தவர். கவிதை சென்ஷுவஸாக இருக்கவேண்டும் என்ற மில்டனின் ‘இலக்கணத்தை’ எடுத்துக்கொண்டு தொடங்குகிறார் அர்னால்ட். கீட்ஸிடம் அது நிறையவும் மயக்கும்படியும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்; அதற்கு மேல் வேறு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்கிறார். இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான், 1878இல், ஃபேனி பிரான் என்ற பெண்ணுக்குக் கீட்ஸ் எழுதிய காதல் கடிதங்கள் அச்சாகியிருந்தன. அவற்றைப் படித்து அர்னால்ட் கூசிப்போனார். அந்தக் கடிதங்களில் தெரிவது வெறும் சென்ஷுவஸ் மனிதன், உணர்ச்சியின் அடிமை என்று எழுதினார். ஆக, ஒரே கட்டுரையில், சில பக்கங்கள் இடைவெளியில், அதே சொல் கவிஞருக்குப் பாராட்டாகவும் காதலனுக்குக் கண்டனமாகவும் வருகிறது. இந்தச் சொல்லின் சறுக்கல் 20ஆம் நூற்றாண்டின் குற்றம் என்று நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

நம்மூர்க் கல்லூரிகளுக்குள் இந்தச் சொல் வந்தது கீட்ஸைப் பிடித்துக்கொண்டுதான். ஆங்கில இலக்கியம் படித்த எங்கள் தலைமுறையில், கீட்ஸின் புலன்நயம் பற்றி ஒரு கட்டுரை எழுதாமல் தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வந்தவர் குறைவு. பாடம் தொடங்கும் முறையும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆசிரியர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழிப்பார். இடப்பக்கம் சென்ஷுவஸ், வலப்பக்கம் சென்ஷுவல். இடப்பக்கத்தின் கீழ் ஐந்து புலன்களும் வரிசையாக இறங்கும். வலப்பக்கம் காலியாகவே இருக்கும். ‘இது வேற, அது வேற. குழப்பிக்காதீங்க’ என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். குழப்பிக்கொள்ளவில்லைதான், வலப்பக்கம் என்னவென்று யாரும் கேட்கவும் இல்லை.

அதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. புனித ஆக்னஸ் இரவைப் பற்றிய கீட்ஸின் நெடுங்கவிதையில் ஒரு விருந்து வருகிறது. சர்க்கரைப்பாகில் ஊறிய பழங்கள், வாயில் கரையும் பாகுகள், ஃபெஸ் நகரத்திலிருந்து கப்பலில் வந்த பேரீச்சம்பழம், சமர்கண்டிலிருந்தும் லெபனானிலிருந்தும் வந்த மணப்பண்டங்கள். அந்த விருந்தில் வரும் குயின்ஸ் பழத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, ஆசிரியரும் பார்த்ததில்லை. அது புளிக்குமா, துவர்க்குமா என்று தெரியாமலே, நாவில் நீர் ஊறவைக்கும் வரிகள் இவை என்று விடைத்தாளில் எழுதினோம். புலன்களின் கவிஞரைப் புலன்களைத் தொடாமல் படித்து முடித்தோம். இன்றைய மாணவர் கைபேசியில் அந்தப் பழத்தின் படத்தை அரை நிமிடத்தில் பார்த்துவிடுகிறார். சுவை இன்னும் அகப்படவில்லை, ஆனாலும் எங்களைவிட ஒரு புலன் கூடுதலாகப் பெற்றவர்தான். எங்களிடம் இருந்து அவரிடம் இல்லாதது ஒன்று: அந்தச் சொல்லை நாங்கள் முதன்முதலில் கேட்டது கீட்ஸோடு சேர்த்து. அவர் கேட்டது திரைப்படச் செய்திகளிலும் அழகுசாதன விளம்பரங்களிலும். கவிதைக்கு வரும்போது அவர் ஏற்கெனவே அறிந்த பொருளை முதலில் மறக்கவேண்டியிருக்கிறது.

உடலிச்சையைச் சுட்டும் அந்தப் புதிய பொருள் நிலைபெற்ற காலத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். 1926இல் ஆங்கில வழக்குக் கையேடு எழுதிய ஃபவுலர், மில்டன் இந்தச் சொல்லை எதற்காகச் செய்தார் என்று விளக்கி இரண்டையும் தனித்தனியாக நிறுத்தினார். விளக்கம் தேவைப்பட்டதே, மக்கள் குழப்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்குச் சான்று. 1969இல் நியூயார்க்கில் ஒரு நூல் வந்தது. தலைப்பின் முதன்மைச் சொல் சென்ஷுவஸ், அடுத்தது பெண். ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜே’ என்ற ஒற்றை எழுத்து. படுக்கையறையைப் பற்றிப் பெண்களுக்குப் பெண் ஒருவர் வெளிப்படையாகச் சொன்ன வழிகாட்டி. லட்சக்கணக்கில் விற்றது. 1971இல் ‘எம்’ என்ற ஒற்றை எழுத்தோடு ஆண்களுக்கான நூலும் வந்து, அதுவும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டில் அறிவியல் எழுத்தாளர் ஐசக் அசிமோவ் ‘டாக்டர் ஏ’ என்ற பெயரில் இவற்றைக் கிண்டல் செய்து, தலைப்பில் அதே சொல்லை வைத்து, கிழவர்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கிண்டல் செய்யப்படும் அளவுக்கு ஒரு சொல் பரவிவிட்டால் பிறகு அதைத் திருப்பிக் கூப்பிட முடியாது.

சொல் கெட்டதற்கு ‘ஜே’யின் நூலைத்தான் மொழிவழக்குக் காவலர்கள் பழிக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. தலைப்பில் சென்ஷுவல் என்று போட்டிருந்தால் அது மங்கலான தெருக்கடையில் காகிதப் பையில் சுற்றி விற்கும் நூலாகியிருக்கும். சென்ஷுவஸ் என்று போட்டதால் குடும்பப் பெண் ஒருத்தி பட்டப்பகலில் புத்தகக்கடைக்குப் போய்க் கேட்டு வாங்க முடிந்தது. மில்டனும் கோல்ரிட்ஜும் கீட்ஸும் சேர்த்துவைத்த மரியாதை அந்தச் சொல்லில் இருந்தது. அந்த மரியாதையை நம்பித்தான் அட்டைக்கு அதைக் கொண்டுவந்தார்கள். செலவானதும் அந்த மரியாதைதான். ஆசிரியர் தம் பெயரை ஒற்றை எழுத்துக்குள் ஒளித்துக்கொண்டார். சொல்லுக்கு ஒளிய இடமில்லை.

இதே காலத்தில் மூத்த சொல்லுக்கும் ஒரு பயணம் நடந்தது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பேய்க்குப் பக்கத்தில் நின்ற சென்ஷுவல் மெல்ல மேலேறிவந்தது. உடலின் இன்பம் வெட்கப்படவேண்டியதல்ல என்று மேற்கில் எண்ணம் மாறமாற, அந்தச் சொல்லும் வசையிலிருந்து வருணனைக்கும், வருணனையிலிருந்து புகழ்ச்சிக்கும் வந்தது. இன்று ஒரு நடனத்தையோ ஒரு சாக்லெட்டையோ ஒரு குரலையோ அந்தச் சொல்லால் பாராட்டுகிறார்கள். ஒன்று இறங்கியது, மற்றொன்று ஏறியது. நடுவழியில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. மில்டன் நாளில் ஒன்றை எடுக்க மற்றொன்றை விடவேண்டியிருந்தது. இன்று விளம்பரம் எழுதுபவர் எது கைக்கு வருகிறதோ அதை எடுக்கிறார். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்லும் கையேடுகள் இன்னும் வருகின்றன. படிப்பவர்களில் பாதிப்பேர் தலையாட்டிவிட்டுப் பழையபடியே எழுதுகிறார்கள்.

மில்டன் நிரப்பப் பார்த்த வெற்றிடம் அப்படியே இருக்கிறதா? இல்லை, அதில் இப்போது மூன்றாவதாக ஒருவர் அமர்ந்திருக்கிறார். சென்சரி என்ற பெயரடை 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. உடலியல் நூல்களில் நரம்புகளுக்கு அடைமொழியாகச் சத்தமின்றிக் கிடந்தது. இன்று குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளில், ஆட்டிசம் உள்ளவர்களுக்காக அமைக்கப்படும் அமைதியறையில், உணவுத் தொழிற்சாலையின் சுவைச்சோதனைக் கூடத்தில், கடையில் பரப்பப்படும் மணத்தைப் பற்றிய வணிகப் பாடத்தில் என்று எங்கும் அதுதான். புலன்களைச் சேர்ந்தது, அவ்வளவே. மில்டன் விரும்பிய பொருள். புலன்களின் கணக்கும் மாறிவிட்டது. கோல்ரிட்ஜுக்குப் புலன் ஐந்து. இன்றைய உடலியல், உடலின் சமநிலையை அறியும் உட்காதையும், கண்ணை மூடியிருந்தாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று சொல்லும் உணர்வையும் தனித்தனியாக எண்ணுகிறது. கைபேசி விரலுக்கடியில் மெல்ல அதிர்வதற்குக்கூட ஹாப்டிக் என்று தொடுகைக்குரிய தனிச்சொல் வந்துவிட்டது.

துல்லியம் கூடியிருக்கிறது. ஆனால் சென்சரி என்பது ஆய்வகத்தின் சொல். அதை வைத்து ஒரு நரம்பை விளக்கலாம், ஒரு கவிதையைப் பாராட்ட முடியாது. கீட்ஸ் ஒரு சென்சரி கவிஞர் என்று எழுதினால் வாக்கியம் மருத்துவமனை வாசம் அடிக்கிறது. புலன் தரும் மகிழ்ச்சியையும் அந்த மகிழ்ச்சியின் மாசின்மையையும் ஒன்றாகச் சொன்ன சொல் ஆங்கிலத்தில் ஒன்றுதான் இருந்தது. அது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தது. 1996இல் அமெரிக்கத் தத்துவ எழுத்தாளர் டேவிட் ஆப்ரம், மனிதருக்கும் மண், மரம், பறவை ஆகியவற்றுக்கும் உள்ள உறவைப் பற்றிய தம் நூலின் தலைப்பில் துணிந்து அதை வைத்தார். படுக்கையறைக்கும் அந்த நூலுக்கும் சம்பந்தமில்லை. சூழலியல் வாசகர்களிடம் அந்த நூல் நன்றாகவே சென்று சேர்ந்தது. ஆகவே பழைய பொருள் செத்துவிட்டது என்று எழுதிவிட முடியாது. இலக்கிய விமர்சனத்திலும் தத்துவத்திலும் சூழலியலிலும் அது உயிரோடு இருக்கிறது. தெருவில்தான் இல்லை.

இழப்பைப் பற்றி மட்டும் பேசுவதும் நியாயமாகாது. சென்ஷுவலுக்குப் பாவம் என்ற பொருள் இருந்த நாளில் அந்தப் பழி பெரும்பாலும் விழுந்தது உடலின் மேலும், குறிப்பாகப் பெண்ணின் உடலின் மேலும்தான். அந்தப் பொருள் தேய்ந்ததில் ஒரு நீதி இருக்கிறது. கரும்பலகையின் வலப்பக்கம் காலியாகவே விடப்பட்ட எங்கள் வகுப்பறையைவிட, இரண்டையும் மாணவர்களே கூச்சமின்றி விவாதிக்கும் இன்றைய வகுப்பறை மேலானது. நுட்பமான ஒரு சொல் மழுங்கியது அதற்குக் கொடுத்த விலை என்றால், விலை அதிகம் என்று எனக்குப் படவில்லை. ஆனால் விலை கொடுத்தோம் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்களுக்குச் சொல்லக்கூடியது இது. கீட்ஸ் பற்றிய தேர்வு விடையில் சென்ஷுவஸ் என்றே எழுதலாம். திருத்துபவர் பழைய பொருளை அறிந்தவர், மதிப்பெண் குறையாது. வெளியே, பொது வாசகருக்கு எழுதும்போது, சொல்ல வந்தது மணமா, சுவையா, தொடுகையா என்று பார்த்து அதன் பெயரையே சொல்லிவிடுங்கள். அலுவலக மின்னஞ்சலில் உடன் பணிபுரிபவரின் குரலையோ உடையையோ இந்தச் சொல்லால் பாராட்ட வேண்டாம். மில்டனைக் காட்டி விளக்கினாலும் மேலாளர் ஏற்கமாட்டார்.